மஞ்சள் கொடிக்கு இக்கரையில்

விமான நிலையத்தில் என்னை அழைத்துப்போக வந்திருந்த சேவியர் மாமா, என் கையிலிருந்த பெட்டியை வாங்குவதற்கு முன்பே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"கப்பல் வந்துருச்சும்மா. ஆனா மாப்பிள்ள இறங்க முடியாதாம்."

மாப்பிள்ளை என் தம்பி ரூபன். சரக்குக் கப்பலில் சமையல்காரன். மலாய் நாட்டுக் கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி, அந்தச் சனிக்கிழமை மாமாவின் மகள் ஸ்டெல்லாவை அவன் மணந்துகொள்வதாக ஏற்பாடு. எங்கள் அப்பா அம்மா காலமாகிவிட்டதால் மாப்பிள்ளை வீட்டார் என்று தூத்துக்குடியிலிருந்து போனது நான் ஒருத்திதான். தபால் நிலையத்தில் விடுப்பு சொல்லிவிட்டு, முதன்முறையாகக் கடல் தாண்டி வந்திருந்தேன். பெட்டிக்குள் தாலி, மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி, ஊர்ப்பெயர் சொல்ல இரண்டு டப்பா மக்ரூன்.

மாமாவுக்கு அறுபதை ஒட்டிய வயது. தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர், இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். எனக்கு முன்னால் வேகமாக நடந்தபடி, திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"எவனோ ஒருத்தன் வாயத் தொறந்திருக்கான்மா. கப்பல்ல ஒருத்தனுக்குக் காய்ச்சல்னா ரெண்டு மாத்திரையக் குடுத்துட்டுப் பேசாம இருந்திருக்கலாம். எழுதிக் குடுத்துட்டான். எழுதிட்டா முடிஞ்சுச்சு லா. ஆபீஸர் வரணும், ரத்தம் எடுக்கணும், ரிசல்ட் வரணும். அதுவரைக்கும் கப்பல் நடுக்கடல்ல."

"சனிக்கிழமைக்குள்ள விட்டுருவாங்களா மாமா?"

"அத அந்த வாயத் தொறந்தவனத்தான் கேக்கணும்."

கப்பல் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. அந்தப் பக்கத்தில் மஞ்சள் காய்ச்சல் உள்ள துறைமுகங்கள் உண்டு. அங்கிருந்து வரும் கப்பலில் யாருக்காவது காய்ச்சல் கண்டால், கரைக்கு வருமுன் கேப்டன் அதைத் தெரிவிக்க வேண்டும். சுகாதார அதிகாரிகள் சரி என்று சொல்லும்வரை மஞ்சள் கொடியை ஏற்றிக்கொண்டு தள்ளியே நிற்க வேண்டும். யாரும் இறங்கக் கூடாது, வெளியார் ஏறக் கூடாது. துறைமுக ஊரில் பிறந்த எனக்கு இதெல்லாம் காதில் விழுந்த சங்கதிதான். ஆனால் எங்கள் வீட்டுக் கல்யாணத்தை அது வந்து தொடும் என்று நினைத்ததில்லை.

ஈஜோக் தாண்டுவதற்குள் கார் சூடேறி நின்றுவிட்டது. மாமா யாரிடமோ இரவல் வாங்கிய கார். முன்பக்க மூடியைத் திறந்து வைத்துவிட்டு, சாலையோரத்துச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். இரண்டு பக்கமும் செம்பனை. எங்கள் பக்கத்தில் பனை என்றால் உச்சியில் மட்டும் ஓலை வைத்து ஒற்றைக் காலில் நிற்கும். இந்த ஊர்ப் பனை உடம்பெல்லாம் மட்டையும் பாசியுமாக, அடியில் வெயில் விழாதபடி நெருங்கி நிற்கிறது. இதையும் பனை என்றே சொல்கிறார்கள்.

கடைக்கார மலாய் அம்மா வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எனக்கு முன் வைத்தார். தேங்காய்ப்பால் சோறு, மேலே காரமான சம்பல், பொரித்த நெத்திலி. காலை நேரத்தில் சோற்றோடு நெத்திலி தருகிற ஊரைப்பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. மாமா தன் மனத்தாங்கலை மலாயில் அவரிடம் கொட்டினார். அவர் கேட்டுவிட்டு மெல்ல ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாங்க மாமா?"

"அந்தக் காய்ச்சக்காரன ஆண்டவன் நல்லாக்கட்டும்ங்குது. அவன் பேரு என்னன்னு கேக்குது."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் இருவருக்கும் தெரியாது. அதுவரை கேட்கவும் தோன்றவில்லை.

*

மாமாவின் வீடு புக்கிட் பெலிம்பிங்கில். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தை இடித்தபின் வாங்கிய, பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய வீடு. வாசலில் ஏற்கெனவே பந்தல் போட்டு, தோரணம் கட்டியிருந்தார்கள். பந்தலுக்கடியில் லோரி நின்றது.

ஸ்டெல்லா மாலையில் வந்தாள். வீடியோவில் பார்த்த பெண்ணைவிட நேரில் கறுப்பு, உயரம், சிரிப்பில் தயக்கமில்லாத பெண். முட்டி வரை ரப்பர் பூட்ஸ், தோளில் ஒரு பை, கையில் நீண்ட பிடி வைத்த அகப்பை. மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் கொசு ஒழிப்புப் பிரிவில் வேலை. வீடு வீடாகப் போய், தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்ப்பவள். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போதும் வேலைக்குப் போய்விட்டு வந்திருந்தாள்.

"அக்கா, பசியாறுனீங்களா? அப்பா வழியெல்லாம் திட்டிக்கிட்டே வந்திருப்பாரே," என்றாள்.

ரூபனை அவள் முதலில் பார்த்தது கிள்ளானில் ஒரு மாதா கோயிலில். கப்பல்காரர்களுக்காக நடந்த பூசையில் இவள் பாட வந்திருந்தாள். பூசை முடிந்ததும், பாட்டில் ஒரு வரியை இந்த ஊரில் வேறு மாதிரி பாடுகிறீர்களே என்று இவன் போய்க் கேட்டிருக்கிறான். அதற்குப் பிறகு கிள்ளானுக்கு வருகிற கப்பலாகப் பார்த்து வேலை தேடினான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அவளே ரூபனுக்குப் போன் போட்டு என்னிடம் தந்தாள்.

"யக்கா, வந்து சேந்துட்டியா? என்ன சாப்ட்ட?"

"நான் சாப்ட்டது இருக்கட்டும். நீ எப்பலே வருவ?"

"தெரியலக்கா. பிரதாப்ப நேத்துதான் போட்ல வந்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போனாவ. கொசுவலைய மேல போத்தி இறக்குனாவ. கண்ணு ரெண்டும் மஞ்சத்தூளக் கரச்ச மாதிரி இருந்துச்சு. ஒரு வாய் கஞ்சி உள்ள போவல."

அப்போதுதான் அந்த மனிதரின் பெயர் எங்களுக்குத் தெரிந்தது. ஒடிசாக்காரர், இயந்திர அறையில் வேலை, இரண்டு பெண் குழந்தைகள்.

"உனக்குத்தான் தடுப்பூசி போட்டிருக்குல்லா? மஞ்சப் புத்தகம் கையில இருக்குல்லா? அப்புறம் உன்ன என்னத்துக்குப் பிடிச்சு வச்சிருக்காவ?"

"அந்த ஊசி மஞ்சக் காய்ச்சலுக்கு மட்டுந்தான. இது என்ன காய்ச்சல்னே தெரியலயே. மஞ்சக் காய்ச்சலா இருந்தாலும் பிரதாப்புக்கு ஊசி போட்டது கப்பல் ஏறப்போற சமயத்துல. பத்து நாளு ஆவாம அது செல்லாதாம். அதுபோக, கப்பல் ஓரத்துல கட்டுற பழைய டயர்ல மழத்தண்ணி நின்னு புழு நெளியுது. அதப் பாத்ததும் ஆபீஸருக்கு மூஞ்சியே மாறிருச்சு."

"சனிக்கிழம?"

"ஸ்டெல்லாட்ட குடுக்கா," என்றான்.

*

மறுநாள் வீட்டில் தனியாக இருக்க வேண்டாமென்று ஸ்டெல்லா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். சுங்கை புரோங்கில் கண்ணுக்கு எட்டியவரை வயல். தாமிரபரணி கடைமடையில் தண்ணீருக்கு முறை வைத்துச் சண்டை போடும் எங்கள் ஆட்கள் பார்த்தால் பெருமூச்சு விடுவார்கள். வாய்க்கால் நேர்கோட்டில் ததும்பி ஓடுகிறது. வயல் நடுவே தீவு தீவாக வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் ஸ்டெல்லா பூந்தொட்டியின் தட்டை எடுத்துப் பார்த்தாள், கோழிக்குத் தண்ணீர் வைத்த சட்டியைக் கவிழ்த்தாள், வீட்டுக்குப் பின்னால் கிடந்த டயருக்குள் அகப்பையை விட்டு மொண்டாள்.

ஒரு வீட்டு மலாய்ப் பெண்மணிக்குக் கோபம். "புகையடிக்க வந்தீங்கன்னா என் பூனை ரெண்டு நாள் வீட்டுக்கு வராது" என்று கத்திவிட்டு, அதே மூச்சில் உள்ளே போய், பச்சை நிறத்தில் ஒரு தேங்காய்ப் பலகாரத்தைத் தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தார். கத்தலும் உபசரிப்பும் ஒரே ராகத்தில் இருந்ததால், எது எங்கே முடிந்தது என்று ஸ்டெல்லா மொழிபெயர்த்த பின்தான் எனக்குப் புரிந்தது.

டயரிலிருந்து மொண்ட தண்ணீரை அவள் என்னிடம் காட்டினாள். கமா போல வளைந்து துள்ளும் புழுக்கள்.

"டிங்கி, அதான் டெங்கு, பரப்புற கொசு, அக்கா. மஞ்சக் காய்ச்சலப் பரப்புறதும் இதே கொசுதான். அந்தக் காய்ச்சல் நம்ம பக்கம் இதுவரைக்கும் பரவினதே இல்ல. ஆனா கொசு மட்டும் வீட்டுக்கு வீடு இருக்கு. ஒருத்தர் ரத்தத்துல காய்ச்சல் வந்து இறங்கி, இந்தக் கொசு அவரக் கடிச்சா போதும்."

தண்ணீர் லாரி வரும் நாளில் எங்கள் தெருவே டிரம் டிரம்மாகப் பிடித்து வைப்பதை நினைத்துக்கொண்டேன். அங்கும் இதே புழு நெளிவதைப் பார்த்திருக்கிறேன். துணியால் வடிகட்டிவிட்டுப் புழங்குவோம்.

வேலை முடிந்து, கப்பல் தெரிகிறதா பார்க்கலாம் என்று கோல சிலாங்கூரில் புக்கிட் மெலாவாத்தி குன்றுக்குக் கூட்டிப்போனாள். மேலே வெள்ளை வெளிச்சவீடு, பழைய பீரங்கிகள், வெள்ளி நிறக் குரங்குகள். குரங்குகள் மிகவும் மரியாதையானவை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் மடியில் கை வைத்து, நான் கொறிக்கக் கொண்டுபோன மக்ரூன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டன. பிள்ளைக்காரி ஒருத்தி மக்ரூனைக் குட்டிக்கு ஊட்டியதைப் பார்த்ததும் திட்ட மனம் வரவில்லை.

கீழே சதுப்புக் காடு, அதற்கப்பால் சாம்பல் நிறக் கடல். அங்கங்கே புள்ளி புள்ளியாகக் கப்பல்கள். எது நம்முடையது என்று தெரியவில்லை. சற்றுத் தள்ளி ஒரு சீனப் பெரியவர் தொப்பியும் பைனாகுலருமாக நின்றார். பறவை பார்ப்பவர். நாங்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, எந்தப் பறவை வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"பறவை இல்லை அங்கிள், மாப்பிள்ளை," என்றாள் ஸ்டெல்லா.

அவர் சிரிக்கவில்லை. விவரம் கேட்டார், கழுத்திலிருந்து பைனாகுலரைக் கழற்றினார், தூரத்தில் தெரிந்த ஒரு தீவுக்கு வலப்பக்கம் என்று திசை சொல்லி, அவளிடம் கொடுத்தார். அவள் நெடுநேரம் பார்த்தாள். பிறகு நான் பார்த்தேன். துருச் சிவப்பில் ஒரு நீள உடல், வாலில் வெள்ளைக் கட்டடம், அதன்மேல் ஒரு துண்டுத் துணி. மஞ்சளா என்று அந்தத் தூரத்தில் சொல்ல முடியாது. அந்தக் கட்டடத்துக்குள் எங்கேயோ என் தம்பி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறான். நான் அவசரமாகத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பெரியவர் கையை மறித்தார்.

"மெதுவாகப் பாருங்கள். பறவை என்றால் பறந்துவிடும். இது எங்கே போகப்போகிறது?"

*

வியாழக்கிழமை மாமா என்னை மட்டும் பாசிர் பெனாம்பாங் மீன்பிடித்துறைக்குக் கூட்டிப்போனார். நண்டு சாப்பிட என்று சொன்னார். நண்டும் வந்தது, கூடவே ஒரு சீனரும் வந்து எங்கள் மேசையில் உட்கார்ந்தார். படகுக்காரர், மாமாவுக்குப் பல வருடப் பழக்கம். இருவரும் மலாயில் பேசினார்கள். எனக்காக மாமா இடையிடையே தமிழாக்கினார்.

"நாளைக்குப் பொழுது சாயுற நேரத்துல இவரு மீன் பிடிக்கப்போற மாதிரி போவாரு. மாப்பிள்ள கயித்து ஏணியில இறங்கிட்டா போதும். சனிக்கிழம கல்யாணம். ஞாயித்துக்கிழம கொண்டுபோய் விட்டுரலாம். யாருக்கும் தெரியாது."

படகுக்காரர் நண்டுக் காலை உடைத்துக்கொண்டே ஏதோ கேட்டார். "அவனுக்குக் காய்ச்சல் இல்லியேன்னு கேக்குறாரு," என்றார் மாமா. "இல்லன்னுட்டேன். உங்க தம்பிக்கு ஒண்ணும் இல்லல்லமா?"

"ஒண்ணும் இல்ல மாமா. நேத்துகூடப் பேசினேன்."

"அப்ப என்ன சொல்றீங்க?"

நான் தலையாட்டினேன். சந்தோஷமாகவே ஆட்டினேன். ஒரு வருடமாக அவன் இந்த ஒரு நாளைச் சொல்லிச் சொல்லித்தான் அந்தச் சமையலறையில் வெந்துகொண்டிருந்தான். யாரோ ஒருவருக்கு வந்த காய்ச்சலுக்கு என் தம்பி ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்தபோது ஸ்டெல்லா பின்வாசல் குழாயில் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாள். மாமா ஒரு குழந்தையின் உற்சாகத்தோடு எல்லாவற்றையும் சொன்னார். அவள் குழாயை மூடினாள்.

"வேணாம்பா."

"ஏன் வேணாம்? எவனோ ஒருத்தன் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம..."

"அவர்தான்பா சொன்னாரு. ரூபன்தான் சொன்னாரு. நான்தான் சொல்லச் சொன்னேன்."

மாமாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. எனக்கும்தான்.

ஸ்டெல்லா ஈரக் கையைத் துடைக்காமலே சொன்னாள். "கப்பல் வர்றதுக்கு முந்தி போன் பண்ணாரு. பிரதாப் அண்ணனுக்குக் கண்ணு மஞ்சளாயிருச்சு, கேப்டன் இன்னும் ரெண்டு நாள் பாப்போம், இப்ப எழுத வேணாம்ங்கிறாரு, கப்பல் லேட்டானா மேலருந்து திட்டுறாங்களாம்னு சொன்னாரு. எழுதலன்னா நேரா துறைமுகத்துல கட்டிருவாங்க, அன்னிக்கே வீட்டுக்கு வந்துருவேன், என்ன செய்யட்டும்னு கேட்டாரு. கேப்டன்கிட்ட போய் எழுதுங்கன்னு சொல்லுங்க, அவர் மாட்டேன்னா நீங்களே சுகாதார ஆபீஸுக்குத் தகவல் அனுப்பிருங்கன்னு சொன்னேன். அவர் போய் நின்னாரு. கேப்டன் எழுதிட்டாரு."

"கல்யாணம் நிக்கும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்பா."

"தெரிஞ்சுமா சொன்ன?" மாமாவின் குரல் உடைந்தது. "இந்தச் சட்டத்துக்கு இன்னும் எவ்ளோ குடுக்கணும் நாம? எங்க பாட்டன் கப்பல்ல வந்து இறங்குனப்ப அம்ம குத்தி, ஆட்ட அடைக்கிற மாதிரி கேம்ப்ல அடைச்சு வச்சுத்தான் தோட்டத்துக்கு அனுப்புனானுங்க. கோவிட்ல உங்கம்மா போனப்ப நான் முகம் பாக்கல. பையில கட்டிக் கொண்டாந்தாங்க. தூரமா நின்னு பாருன்னாங்க. அதுவும் சட்டந்தான். இப்ப உன் கல்யாணமா?"

"பாட்டன அடைச்சது தோட்டத்துக்காகப்பா. கூலி செத்துட்டா ரப்பர் மரம் சீவ ஆள் இல்லன்னு அடைச்சான். இது அது இல்ல." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "அம்மாவுக்கு எப்படி வந்துச்சு? ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தாங்க. அந்த வீட்டுல ஒருத்தருக்கு முத நாளே காய்ச்சல். வெளிய சொன்னா கல்யாணம் நின்னுரும்னு சொல்லல. அவங்க நல்லவங்கதான்பா. இன்னிக்கும் ரோட்டுல பாத்தா நம்மகிட்ட நல்லாத்தான் பேசுறாங்க."

மாமா வெளியே போய், பந்தலுக்கடியில் நின்ற லோரியில் ஏறி உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பவில்லை. ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் ரூபனுக்குப் போன் போட்டேன். "எங்கிட்ட ஏன்லே சொல்லல?"

"நீ வேண்டாம்னுருவியோன்னு பயம்க்கா," என்றான்.

சரியாகத்தான் பயந்திருக்கிறான். சற்று முன்தான் நான் ஒரு படகுக்குத் தலையாட்டிவிட்டு வந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மாமா தனியாகப் பாசிர் பெனாம்பாங் போய்விட்டு வந்தார். கையில் ஒரு பை நண்டு. படகுக்காரர் கொடுத்தாராம். "வேணாம்னு சொல்லிட்டேன்," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

*

சனிக்கிழமை, கல்யாணம் இல்லாத கல்யாண நாள். ஆட்டை வெட்டியாகிவிட்டது, அழைப்பைத் திரும்பப் பெற முடியாத ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். ஈஜோக் போகும் வழியில் செம்பனைக்கு நடுவே இருக்கிறது கல்யாணம் நடப்பதாக இருந்த பழைய தோட்டத்து மாதா கோயில். தோட்டத்து வீடுகள் போய்விட்டன. கோயிலும் பக்கத்தில் ஒரு முனியாண்டி கோயிலும் மிச்சம். முனியாண்டியைக் கும்பிடுகிறவர்களும் இந்தக் கல்யாணத்துக்கு வந்திருந்தார்கள். ஒரே லயத்தில் வளர்ந்தவர்களுக்குக் கல்யாணத்தில் சாமி வேறுபாடு இல்லை போலும்.

ஸ்டெல்லா கூறைப்புடவை உடுத்தவில்லை. சாதாரணப் பருத்திச் சேலையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் முணுமுணுப்பு கேட்டது. மாப்பிள்ளைக்கு ஆப்பிரிக்காவில் ஏதோ வியாதியாம் என்று ஒரு குரல். இன்னொரு குரல் அதற்குமேலும் போனது. ஸ்டெல்லா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்; திரும்பவில்லை.

பூசை தொடங்குமுன் சேவியர் மாமா எழுந்து முன்னால் போனார். ஒலிபெருக்கியைக் கையில் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டார்.

"எல்லாருக்கும் வணக்கம். மாப்பிள்ள வரல. வர முடியாது. அவருக்கு ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. கூட வேல செய்ற ஒருத்தருக்குக் காய்ச்சல். அத மறைச்சிருந்தா இன்னிக்கு மாப்பிள்ள இங்க நின்னுருப்பாரு. அவரு மறைக்கல. எம்மவளும் மறைக்கச் சொல்லல." மூச்சு வாங்கினார். "எனக்கும் மொதல்ல கோவந்தான். நேத்து வரைக்கும் கோவந்தான். எம் பொண்டாட்டி எப்படிப் போச்சுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். அதுக்கு மேல எனக்குப் பேசத் தெரியல. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

கோயிலின் பின்வரிசையில் ஓர் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து வெளியே போனார். ஸ்டெல்லா ஒரு கணம் திரும்பி அவரைப் பார்த்ததிலிருந்து, அந்தப் பழைய கல்யாண வீட்டைச் சேர்ந்தவர் யார் என்று எனக்குத் தெரிந்தது. சாப்பாட்டு நேரத்தில் மாமாவே ஒரு தட்டில் சோறும் கறியும் போட்டு எடுத்துப்போய், வெளியே மரத்தடியில் நின்ற அந்த அம்மாவிடம் கொடுத்தார். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை.

அன்றைய பூசையில் சாமியார் பிரதாப்பின் பெயரைச் சொல்லி வேண்டினார்.

*

ஞாயிற்றுக்கிழமை தகவல் வந்தது. மஞ்சள் காய்ச்சல் இல்லை. மலேரியா; அதுவும் ஈரலைத் தாக்கும் கடுமையான வகை. மருந்து ஏறத் தொடங்கிவிட்டது, பிழைத்துக்கொள்வார். இன்னும் இரண்டு நாள் பார்ப்போம் என்று விட்டிருந்தால் பார்க்க ஆள் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னாராம்.

"அப்ப மஞ்சக் காய்ச்சல்னு நிறுத்தி வச்சதெல்லாம் வீணா?" என்று நான் ஸ்டெல்லாவிடம் கேட்டேன். கேட்டபிறகுதான் கேள்வியின் அசட்டுத்தனம் உறைத்தது.

"நிறுத்துனதாலதானே அக்கா ஆஸ்பத்திரிக்கே போனாரு," என்றாள்.

கப்பல் முழுதும் மருந்தடித்தார்கள். டயர்களை அப்புறப்படுத்தினார்கள். மற்றவர்களின் ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்றானதும் கப்பலை உள்ளே விட்டார்கள். காய்ச்சல் வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு ரூபன் இறங்கினான். தாடியும் மெலிந்த முகமுமாக வந்தவனைப் பார்த்ததும் மாமா, "நேரா வீட்டுக்குத்தான மாப்பிள்ள?" என்று கேட்டார். "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுப் போவோமா மாமா?" என்றான் இவன். மாமா எங்களை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, தான் வரவில்லை என்று காரிலேயே இருந்துகொண்டார்.

பிரதாப் எலும்பும் தோலுமாகப் படுத்திருந்தார். கண்ணில் இன்னும் மஞ்சள் தங்கியிருந்தது. ரூபனைக் கண்டதும் இந்தியில் ஏதோ முனகினார். "இங்க குழம்புல உப்பே இல்லையாம்," என்று ரூபன் எனக்குச் சொன்னான். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

புதன்கிழமை காலை அதே கோயிலில் கல்யாணம் நடந்தது. வேலை நாள் என்பதால் வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். தகரக் கூரையில் மழை அடித்த சத்தத்தில் சாமியார் கேட்டதும் இவர்கள் சொன்னதும் எங்கள் காதில் விழவில்லை. ரூபன் தாலி கட்டியதைக் கண்ணால் பார்த்தோம், அது போதும்.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் பிரதாப்பை ஆஸ்பத்திரியிலிருந்து விட்டார்கள். அவருக்கும் மறுநாள்தான் விமானம். ஆஸ்பத்திரிக்குப் போய், இந்த முறை உள்ளே ஏறி, கையைப் பிடித்து அழைத்து வந்தவர் சேவியர் மாமா. இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. வழிநெடுக மாமா தமிழிலேயே பேசிக்கொண்டு வந்தாராம். பிரதாப்பும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாராம். மதியம் ரூபன் சமைத்தான். உப்பு போட்டுத்தான்.

சாப்பிட்டதும் பிரதாப் தன் மனைவியை வீடியோவில் அழைத்து எங்களை ஒவ்வொருவராகக் காட்டினார். இரண்டு சிறுமிகளும் போனுக்குள் முகத்தை நுழைத்தார்கள். அந்தப் பெண் நிறையப் பேசினார், இடையில் அழுதார், பிறகு ஏதோ கேட்டார். பிரதாப் அதை இந்தியில் சொல்ல, ரூபன் எங்களுக்குத் தமிழில் சொன்னான்.

"எங்க கல்யாணத் தேதி என்னன்னு கேக்குதாவ. வருஷா வருஷம் அன்னைக்கு எங்களுக்காகக் கோயில்ல விளக்கேத்துவாவளாம்."

ஸ்டெல்லா புதன்கிழமைத் தேதியைச் சொல்ல வாயெடுத்தாள்.

"அது வேணாம்," என்றார் மாமா. "பத்திரிகையில அடிச்சோமே, அந்தச் சனிக்கிழம. அந்தத் தேதியச் சொல்லுங்க மாப்பிள்ள. அன்னிக்குத்தான் நீங்க வரல."

ரூபன் மாமனாரைப் பார்த்தான். பிறகு போனைப் பக்கத்தில் இழுத்து, அந்தத் தேதியையே சொன்னான்.